சொந்தமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறீர்களா? எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் வாங்குவது என்று முதலில் கணக்குப் போடுங்கள்

என் தங்கை கட்டடக்கலை படிக்கிறாள். மூன்றாம் ஆண்டில் ரெண்டர் வேலை (வரைந்த கட்டடத்தை நிஜப் படம் போல ஆக்குவது) அதிகமானதும் லேப்டாப் திணற ஆரம்பித்தது. அவளுக்காக வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். கோர் ஐ5-12400எஃப் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம். கேபினெட்டோடு சேர்ந்தே ஒரு எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி, வந்தது. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருந்தது. கார்டுக்கு வேண்டிய 8 பின் கேபிள் அதில் இல்லை. கடைக்காரர் ஒரு கன்வெர்ட்டர் கேபிள் கொடுத்து, "இதைப் போட்டால் போதும், ஓடும்" என்றார்.

ஓடியது. இணையம், வரைபடம், படம் பார்ப்பது எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ரெண்டர் போட்டால் மட்டும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், திரை கறுப்பு, பிறகு தானாகவே மறுபடி ஆன் ஆகும். நீலத் திரை இல்லை, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ரேம் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் கிராபிக்ஸ் கார்டை வாரண்டிக்கு அனுப்பினேன். 19 நாள் கழித்து 'குறை ஏதும் இல்லை' என்ற சீட்டோடு திரும்பி வந்தது. அதற்குள் தங்கையின் செமஸ்டர் ஜூரி (நடுவர்கள் முன் வேலையைக் காட்டும் தேர்வு) முடிந்துவிட்டது. பாதிப் படங்களை அவள் தோழி வீட்டில் உட்கார்ந்து ரெண்டர் செய்துகொண்டு போனாள்.

குறை எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்தது. அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படிக்கத் தெரிந்திருந்தால், வாங்கும் அன்றே இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். முதல் தடவை அசெம்பிள் செய்யும் யாரும் இந்த மூன்று வாரத்தை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. பாகங்களின் பட்டியலை எழுதுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பணத்தை முதலிலேயே ஒதுக்குங்கள்

பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க், ஃபேன்கள் என்று எல்லாவற்றையும் மாடல் பெயரோடு எழுதுங்கள். 'ஐ5 பிராசஸர்' என்று எழுதினால் போதாது. 12400எஃப்பா, 13600கேவா என்பதைப் பொறுத்து மின்சாரத் தேவை பெரிதாக மாறும்.

வாட் கணக்கு கடைசியில்தான் வரும். ஆனால் பணத்தைக் கடைசிக்கு விடாதீர்கள். எல்லாம் வாங்கிவிட்டு மிச்சம் இருக்கும் 1,500 ரூபாயில் எஸ்எம்பிஎஸ் தேடுவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு. 60,000 முதல் 70,000 ரூபாய் வரை ஆகும் கம்ப்யூட்டருக்கு 4,000 முதல் 5,500 ரூபாயை இதற்கென்று தனியாக வைத்துவிடுங்கள்.

2. பிராசஸர் அதிகபட்சம் எவ்வளவு இழுக்கும் என்று பாருங்கள்

பெட்டியில் 65 வாட் என்று இருக்கும். அதை அப்படியே கணக்கில் எடுத்தால் தப்பாகிவிடும். அது அடிப்படை வேகத்தில் ஓடும்போது உள்ள அளவு. வேலை கூடும்போது பிராசஸர் வேகத்தை ஏற்றிக்கொள்ளும், மின்சாரமும் கூடும்.

இன்டெல் தளத்தில் உங்கள் மாடலின் பக்கத்தைத் திறந்தால் 'மேக்ஸிமம் டர்போ பவர்' என்று ஒரு வரி இருக்கும். அதுதான் நமக்கு வேண்டியது. ஐ5-12400எஃப்புக்கு அடிப்படை அளவு 65 வாட், அதிகபட்சம் 117 வாட். ஐ5-13600கே 125இலிருந்து 181 வரை போகும். ஐ7-14700கே 253 வாட் வரை போகும்.

ஏஎம்டியில் 'டிடிபி' என்று போட்டிருப்பார்கள். ஏஎம்5 என்ற சாக்கெட்டில் (பிராசஸர் உட்காரும் இடம்) பொருந்தும் ரைசன் பிராசஸர்களில் அந்த எண்ணை 1.35ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 65 வாட் என்றால் 88 வாட், 105 என்றால் 142, 120 என்றால் 162, 170 என்றால் 230.

இன்னொன்று. சில மதர்போர்டுகளில் இந்த வரம்பையே பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்பு மென்பொருள்) தளர்த்தி வைத்திருக்கும். பெயரின் கடைசியில் 'கே' வரும் இன்டெல் பிராசஸர் வாங்குபவர்கள், கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் பயாஸில் பவர் லிமிட் பகுதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

3. கிராபிக்ஸ் கார்டு

பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அதிக மின்சாரம் குடிப்பது இதுதான். சில எண்கள்: ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட், 3060க்கு 170, 4070க்கு 200, 5070க்கு 250, 5070 டிஐக்கு 300, 5090க்கு 575. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6600க்கு 132, ஆர்எக்ஸ் 7600க்கு 165, ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டிக்கு 263. தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டி விற்கும் 'ஓசி' மாடல்கள் இதைவிடக் கொஞ்சம் அதிகமாக இழுக்கும். அதனால் கார்டு தயாரித்த நிறுவனத்தின் பக்கத்தில் உங்கள் மாடலுக்கு உள்ள எண்ணையே எடுங்கள்.

அதே பக்கத்தில் 'பரிந்துரைக்கும் எஸ்எம்பிஎஸ் 550 வாட்' என்பது போல ஒரு வரியும் இருக்கும். ஆர்டிஎக்ஸ் 3060, 4060 இரண்டுக்குமே 550 வாட் என்றுதான் ஆர்டிஎக்ஸ் சிப்களின் நிறுவனமான என்விடியா சொல்கிறது. ஒன்று 170 வாட், இன்னொன்று 115 வாட், பிறகு எப்படி ஒரே பரிந்துரை? எந்தப் பிராசஸரோடு மாட்டுவீர்கள், எந்தத் தரத்து எஸ்எம்பிஎஸ் வாங்குவீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் தாராளமாகவே சொல்லிவைப்பார்கள். அந்த எண்ணைப் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் சரிபார்க்க உதவும்.

4. மற்றவற்றைச் சேர்த்துக் கூட்டுங்கள்

மதர்போர்டும் ரேமும் சேர்த்து 50 வாட் என்று வையுங்கள். எஸ்எஸ்டி ஒன்றுக்கு 8, ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு 10, ஃபேன் ஒன்றுக்கு 3. தண்ணீர்க் குளிர்விப்பான் இருந்தால் அதன் பம்புக்கு 10. இவை துல்லியமான எண்கள் அல்ல, ஆனாலும் இந்தக் கணக்குக்குப் போதும்.

தங்கையின் கம்ப்யூட்டருக்கு நான் பின்னால் போட்ட கணக்கு இது: பிராசஸர் 117, கார்டு 170, போர்டும் ரேமும் 50, எஸ்எஸ்டி 8, ஹார்ட் டிஸ்க் 10, மூன்று ஃபேன் 9. மொத்தம் 364 வாட்.

450ஐவிடக் குறைவுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 6ஆம் படியில் விடை இருக்கிறது.

5. கூட்டுத்தொகையை 0.7ஆல் வகுங்கள்

364ஐ 0.7ஆல் வகுத்தால் 520. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 550. உங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஏன் இந்த இடைவெளி? கிராபிக்ஸ் கார்டு 170 வாட் என்பது சராசரி. ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு, சில சமயம் அதைவிடக் குறைவான நேரத்துக்கு, அது ஏறக்குறைய இரண்டு மடங்குகூட இழுக்கும். நமக்கு அது தெரியாது, ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரியும். அளவுக்கு மீறி இழுக்கிறது என்று எண்ணி உடனே வெட்டிவிடும். 2020இல் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வந்த புதிதில், கணக்குப்படி போதுமான எஸ்எம்பிஎஸ் வைத்திருந்தவர்களுக்கே இப்படி ஆஃப் ஆனது. இதை மனதில் வைத்துத்தான் பிறகு ஏடிஎக்ஸ் 3.0 என்ற தரம் வந்தது. பெட்டியில் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று இருந்தால், இப்படிப்பட்ட திடீர் ஏற்றங்களைத் தாங்கும்படி வடிவமைத்தது என்று பொருள். 250 வாட்டுக்கு மேற்பட்ட கார்டு வாங்குபவர்கள் இதைக் கேட்டே வாங்குங்கள்.

இரண்டாவது காரணம் நம் ஊர் வெயில். எஸ்எம்பிஎஸ் மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்று காட்டும் புகழ்பெற்ற 80 பிளஸ் சான்றுக்கான சோதனையை 23 டிகிரி வெப்பத்தில் நடத்துகிறார்கள். மே மாதம் சென்னையில் ஏசி இல்லாத அறைக்குள், அதிலும் கேபினெட்டுக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சூடு ஏற ஏற மலிவான எஸ்எம்பிஎஸ்ஸின் தாங்கும் அளவு குறையும். மாடலின் விவரத் தாளில் முழு வாட்டையும் எத்தனை டிகிரி வரை தரும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 40 டிகிரி என்றால் பரவாயில்லை, 50 என்றால் நல்லது. அப்படி ஒரு வரியே இல்லாவிட்டால் நான் வாங்க மாட்டேன்.

இன்னும் இரண்டு கணக்குகள். கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் ரைசன் 5 5600ஜி போட்டு வீட்டு வேலைக்குக் கட்டுகிறீர்கள் என்றால், எல்லாம் சேர்ந்து 160 வாட்டைத் தாண்டாது. நல்ல 450 வாட் தாராளம். ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸரும் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ கார்டும் போட்டால் 162, 300, மற்றவை 80 என்று 542 வரும். 0.7ஆல் வகுத்தால் 774. விளையாடும்போது அந்தப் பிராசஸர் 162 வாட்டின் பக்கமே போவதில்லை. என்விடியாவின் பரிந்துரையும் 750தான். அதனால் 750 போதும். இரண்டு வருடத்தில் கார்டை மாற்றும் எண்ணம் இருந்தால் 850 எடுங்கள்.

பயந்துகொண்டு 1000 வாட் வாங்க வேண்டியதில்லை. கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அந்தக் கூடுதல் பணத்தை எஸ்எஸ்டிக்கோ மானிட்டருக்கோ செலவழிக்கலாம்.

6. ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியைப் படியுங்கள்

இதை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

எஸ்எம்பிஎஸ் ஒரே மின்சாரத்தைத் தருவதில்லை. 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று தனித்தனியாகப் பிரித்துத் தருகிறது. இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட் வழியில்தான் வாங்கிக்கொள்கின்றன. ஆகவே மொத்த வாட்டில் 12 வோல்ட்டுக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

எங்கள் கேபினெட்டோடு வந்ததைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஸ்டிக்கரைப் படித்தேன். கட்டம் கட்டமாக ஒரு அட்டவணை. 3.3 வோல்ட்டில் 28 ஆம்ப், 5 வோல்ட்டில் 30 ஆம்ப், 12 வோல்ட்டில் 16 ஆம்ப். வோல்ட்டை ஆம்பால் பெருக்கினால் வாட். 3.3ஐ 28ஆல் பெருக்கினால் 92. 5ஐ 30ஆல் பெருக்கினால் 150. 12ஐ 16ஆல் பெருக்கினால் 192. மீதி இருக்கும் சின்ன வழிகளையும் சேர்த்து 450 என்று கூட்டி வெளியே பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். நமக்கு வேண்டிய இடத்தில் இருப்பது 192 வாட் மட்டும். தங்கையின் பிராசஸரும் கார்டும் சேர்ந்தே 287 வாட் கேட்கின்றன. பிறகு ஏன் வெட்டாது?

இப்போது நல்ல 550 வாட் மாடல் ஒன்றின் ஸ்டிக்கரைப் பாருங்கள். 12 வோல்ட் வரியில் 45 ஆம்ப்புக்கு மேல் இருக்கும். பெருக்கினால் 540, 550 என்று வரும். மொத்த வாட்டும் 12 வோல்ட் வாட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அது இன்றைய வடிவமைப்பு. 12 வோல்ட்டில் மொத்தத்தின் 90 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் தள்ளி வைத்துவிடுங்கள்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. சில ஸ்டிக்கர்களில் 12 வோல்ட் வழி இரண்டாகப் பிரிந்து, ஒன்றில் 18, இன்னொன்றில் 18 என்று இருக்கும். கூட்டி 36 ஆம்ப் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கீழே இரண்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் எத்தனை வாட் என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதையே எடுங்கள். அடுத்தது 'பீக்' என்ற சொல். பெட்டியில் 600 என்று எழுதி, பக்கத்தில் பொடி எழுத்தில் 'பீக்' என்று இருந்தால், அது ஓரிரு நொடிக்கு மட்டும் தாங்கும் அளவு. தொடர்ந்து தருவது அதைவிடக் குறைவு.

ஆன்லைனில் வாங்குபவர்கள் படங்களில் ஸ்டிக்கரின் படத்தைத் தேடுங்கள். ஸ்டிக்கரையே காட்டாத மாடலை நம்ப வேண்டாம்.

7. கேபிள்கள்

வாட் சரியாக இருந்தும் கேபிள் இல்லாமல் சிக்கிக்கொள்பவர்கள் உண்டு. மதர்போர்டுக்கு 24 பின், பிராசஸருக்கு 4+4 பின், கார்டுக்கு 6+2 பின் என்று எண்ணிப் பாருங்கள். பெரிய மதர்போர்டுகளில் பிராசஸருக்கே இரண்டு 8 பின் துளைகள் இருக்கும். பெரும்பாலும் ஒன்றே போதும், ஆனாலும் போர்டின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். புதிய ஆர்டிஎக்ஸ் கார்டுகள் பலவற்றில் 16 பின் துளை வருகிறது. ஏடிஎக்ஸ் 3.1 எஸ்எம்பிஎஸ்கள் பலவற்றில் அதற்கான கேபிள் நேரடியாகவே கிடைக்கும். அதை மாட்டும்போது கடைசி வரை உள்ளே போகிறதா என்று கண்ணால் பாருங்கள். அரைகுறையாக மாட்டினால் முனை உருகிவிடும்.

கன்வெர்ட்டர் கேபிள் வேண்டவே வேண்டாம். 8 பின் முனை 150 வாட் வரை தர வேண்டியது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா முனை 12 வோல்ட்டில் 54 வாட் தாங்கும்படி செய்தது. சாட்டாவிலிருந்து 8 பின்னுக்கு மாற்றினால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. எங்களுடையது மோலெக்ஸ் (பழைய வகை நான்கு பின் முனை) கன்வெர்ட்டர். கழற்றும்போது அந்த வெள்ளை முனையின் ஓரம் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. 8 பின் கேபிள் இல்லாத எஸ்எம்பிஎஸ் அந்தக் கார்டுக்கானது அல்ல.

கேபினெட்டின் அடியில் எஸ்எம்பிஎஸ் உட்காரும் வகையாக இருந்தால், பிராசஸருக்கான கேபிள் 60 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். போர்டின் மேல் மூலை வரை அது சுற்றிப் போக வேண்டும்.

8. வெண்கலமா தங்கமா? இபி பில் கணக்கு

80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு (தங்கம்) என்பவை எத்தனை வாட் தரும் என்பதைச் சொல்வதில்லை. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதைத்தான் சொல்கின்றன. பாதிச் சுமையில் பிரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரூபாயில் பார்ப்போம். கம்ப்யூட்டர் 300 வாட் இழுக்கிறது, தினம் 4 மணி நேரம். பிரான்ஸ் சுவரிலிருந்து 353 வாட் எடுக்கும், கோல்டு 333. வித்தியாசம் 20 வாட். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 5 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஒரு பில்லுக்கு 40 ரூபாய். இதற்காக மட்டும் 2,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து கோல்டு வாங்க வேண்டாம். கோல்டு மாடல்களில் உள்ளே தரமான கெப்பாசிட்டர், சத்தமில்லாத ஃபேன், நீண்ட வாரண்டி ஆகியவை பெரும்பாலும் சேர்ந்தே வரும். அவை வேண்டும் என்றால் வாங்குங்கள். 60,000, 70,000 ரூபாய் கம்ப்யூட்டருக்கு நல்ல பிரான்ஸ் போதும் என்பது என் முடிவு.

"750 வாட் போட்டால் இபி பில் எகிறிவிடாதா?" என்று அப்பா கேட்டார். எகிறாது. கம்ப்யூட்டர் கேட்பதை மட்டுமே எஸ்எம்பிஎஸ் எடுக்கும். வீட்டில் பெரிய தண்ணீர்த் தொட்டி இருப்பதால் நாம் அதிகம் குடிப்பதில்லையே, அது போல.

ஸ்டிக்கரில் 80 பிளஸ் முத்திரையைப் பொய்யாக ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். சான்று பெற்ற மாடல்களின் பட்டியல் 80 பிளஸ் தளத்திலேயே இருக்கிறது. மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். சைபெனடிக்ஸ் என்ற சோதனைக் கூடத்தின் தளத்தில் சத்தத்துக்கும் தனி மதிப்பீடு உண்டு.

9. பிளக், எர்த், யூபிஎஸ்

கேபினெட்டைத் தொட்டால் விரலில் 'சுர்' என்று ஏறுகிறதா? எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பார்கள். பெரும்பாலும் சுவரில் எர்த் வேலை செய்யாததுதான் காரணம். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின் இரைச்சலை எர்த்துக்குக் கடத்தும் சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் அந்தக் கசிவு கேபினெட்டின் உடம்பில் தங்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது பின்னை வெட்டிவிட்டு இரண்டு துளை பிளக்கில் மாட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

பழைய அல்லது மலிவான சில எஸ்எம்பிஎஸ்களின் பின்புறம் 115, 230 என்று மாறும் சிவப்பு சுவிட்ச் இருக்கும். அது 230இல் இருக்கிறதா என்று மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். 115இல் வைத்து நம் ஊர் மின்சாரம் கொடுத்தால் ஒரே வெடிதான்.

யூபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட் வரைதான் தாங்கும். உள்ளே 364 வாட் வேண்டும் என்றால் சுவரிலிருந்து 420 வாட்டுக்கு மேல் இழுக்கும். மானிட்டர் வேறு இருக்கிறது. ரெண்டர் நடக்கும்போது கரண்ட் போனால் யூபிஎஸ் கத்திவிட்டு ஆஃப் ஆகிவிடும். அதனால் 1000 அல்லது 1100 விஏ பாருங்கள், அதன் வாட் எண்ணையும் தவறாமல் பாருங்கள். இன்றைய எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) இருக்கும். மலிவான யூபிஎஸ் தரும் கட்டமான அலையோடு அவற்றில் சில ஒத்துப்போகாமல், கரண்ட் போன நொடியே ஆஃப் ஆகும். வாங்கும் முன் 'ப்யூர் சைன் வேவா?' என்று கேளுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள், அதில் யூபிஎஸ் மோடு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். சாதாரண மோடில் மாறுவதற்கு எடுக்கும் நேரத்துக்குள் கம்ப்யூட்டர் நின்றுவிடும்.

10. வாங்கும்போது: விலை, பில், நாட்கள்

விலை மாதத்துக்கு மாதம் மாறும், ஆகவே இதைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல 550 வாட் பிரான்ஸ் 3,500 முதல் 5,000 ரூபாய். 650 வாட் பிரான்ஸ் 4,500 முதல் 6,000. 750 வாட் கோல்டு 7,000 முதல் 10,000. கடையில் சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வாரண்டி 3 வருடம் முதல் 10 வருடம் வரை இருக்கும். பில் இல்லாமல் அது கிடைப்பது கஷ்டம்.

சென்னையில் இருப்பவர்கள் கம்ப்யூட்டர் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போகலாம். சிந்தாதிரிப்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடும் தூரம். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வார நாளில் காலை 11 மணிக்குப் போங்கள். மூன்று கடைகளில் ஒரே மாடல் எண்ணைச் சொல்லி விலை கேளுங்கள். "அது இல்லை, இது அதைவிட நல்லது" என்று வேறொன்றை எடுத்துக்கொடுத்தால், ஸ்டிக்கரைப் பாருங்கள், 12 வோல்ட் வரியைப் பெருக்குங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

பில்லில் மாடல் பெயரோடு சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள எண்ணும் எஸ்எம்பிஎஸ்ஸின் உடம்பில் உள்ள எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று கவுன்ட்டரிலேயே ஒப்பிடுங்கள். மெஷினில் அடித்துத் தரும் பில் ஆறேழு மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். அன்றே போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள்.

சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா, வெளியூருக்கு அனுப்ப வேண்டுமா, கூரியர் செலவு யாருடையது என்று வாங்கும் முன் கேளுங்கள். அனுப்பி வாங்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அந்த நாட்களில் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும். பரீட்சைக்கோ வேலைக்கோ வேண்டும் என்று அசெம்பிள் செய்பவர்கள், தேவைப்படும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே வாங்கிவிடுங்கள்.

11. மாட்டிய முதல் வாரத்திலேயே சோதியுங்கள்

பல கடைகள் ஒரு வாரத்துக்குள் கொண்டுபோனால் உடனே மாற்றித் தரும். அதன் பிறகு வாரண்டி வழிதான். எத்தனை நாள் என்று கேட்டு, அதற்குள் சோதனையை முடியுங்கள்.

ஃபர்மார்க் (கார்டைச் சோதிப்பது), சினிபெஞ்ச் (பிராசஸரைச் சோதிப்பது) என்ற மென்பொருள்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் ஓட விடுங்கள். கார்டுக்கும் பிராசஸருக்கும் ஒன்றாக முழுச் சுமை கிடைக்கும். கூடவே பாகங்களின் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து 12 வோல்ட் வரியைப் பாருங்கள். 11.4க்குக் கீழே போகக் கூடாது, 12.6க்கு மேலேயும் போகக் கூடாது. மென்பொருள் காட்டுவது கொஞ்சம் முன்பின் இருக்கும். சந்தேகம் வந்தால் மல்டிமீட்டர் தெரிந்தவரை வைத்து, மோலெக்ஸ் முனையில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் நடுவே அளந்து பாருங்கள்.

நடுவில் ஆஃப் ஆனால் விண்டோஸில் நடந்தவற்றைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறங்கள். 'கெர்னல் பவர் 41' என்று ஒரு பதிவு இருக்கும். திடீரென்று மின்சாரம் நின்றது என்பதை மட்டுமே அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஆனால் நீலத் திரை இல்லாமல், கனமான வேலையின்போது மட்டும், இந்தப் பதிவோடு ஆஃப் ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் சந்தேகப்படுங்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டு ஒரு நாளை இழக்காதீர்கள். தெரிந்தவரிடம் ஒரு நல்ல 650 வாட்டை ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். நான் கடைசியில் அப்படித்தான் கண்டுபிடித்தேன். பக்கத்துத் தெரு நண்பரின் எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டு மணி நேர ரெண்டர் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. மறுநாளே 550 வாட் பிரான்ஸ் வாங்கினேன், 4,200 ரூபாய்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் வகை வாங்கியவர்கள், மிஞ்சிய கேபிள்களை ஒரு பையில் போட்டு அதன் மேல் எஸ்எம்பிஎஸ்ஸின் மாடல் பெயரை மார்க்கரில் எழுதி வையுங்கள். வேறு மாடலின் கேபிள் அதே துளையில் அழகாகப் பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே நொடியில் கருகிவிடும். நண்பர் கேபிள் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அவரிடமிருந்து வாங்கவும் செய்யாதீர்கள்.